நாற்காலியின்மேல் நான் வைத்த படம்

அன்புள்ள தம்பிக்கு,

எதை எழுத உட்கார்ந்தாலும் முதலில் வரிசை போட்டுக்கொள்கிறவன் நான். இந்தக் கடிதத்தில் சொல்லப்போவது இவை:

1. நீ வடிவமைத்த சுவரொட்டியில் நான் கண்டதும் காணத் தவறியதும்.
2. அதில் நான் செய்த மாற்றங்கள், செய்த வரிசையிலேயே.
3. கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது.
4. செய்யும் வேலையில் பெயர் போடாமலிருப்பதே நல்லது என்ற என் அறிவுரை.
5. மெல்பர்னின் குளிர். (இது உன் அம்மா சேர்க்கச் சொன்னது.)

இந்த வரிசையைப் பார்த்துவிட்டு உன் அம்மா, “பயப்படுறதுலகூட உங்களுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு இருக்கு” என்றாள். ஆனாலும் எழுதச் சொன்னவளும் அவள்தான். “கூட்டத்துல வாய் வரலைன்னா எழுதிப் போடுங்க. அந்தப் படம் ஊரு பூரா போச்சுல்ல, இதுவும் போகட்டும்.” அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. அந்தப் படம் சுற்றிய அதே வாட்ஸ்அப் குழுக்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கும் இதை அனுப்புகிறேன். பெயர் போடாமல், ‘ஒரு தகப்பன்’ என்று முடித்து அனுப்பத்தான் எண்ணம். அடுத்த வாரம் நீ மெல்பர்னில் வேலைக்குப் போக விமானம் ஏறுவதற்குள் வெளிவந்தால் போதும். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் நான் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

இங்கே மலேசியாவில், மூவார் ஆற்றோரத்தில் ஒரு பழைய கடைவீட்டில் இப்போது நடக்கும் கண்காட்சியை மூன்று குடும்பங்கள் சேர்ந்து நடத்துகின்றன. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இந்த ஊரில் மூன்று நண்பர்கள் இருந்தார்கள். நம் ஊர் லிம்மின் தந்தை, தன் தச்சுப்பட்டறையில், மெலிந்த கால்களும் வளைந்த முதுகும் கொண்ட அந்தக் காலத்துப் புதுமாதிரி நாற்காலிகள் செய்தார். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ரொஸ்னாவின் தந்தை படகுகளையும் கூரைகளையும் கட்டம் கட்டமாக உடைத்து வரைந்தார். மூன்றாமவர் என் தாய்மாமா. யோங் பெங் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். வார விடுமுறைகளில் பஸ் ஏறி மூவாருக்கு வந்து, லிம் வீட்டுப் பட்டறை மாடியில், வட்டமும் கோடும் நிறமுமாக யாருக்கும் புரியாத படங்களை வரைந்தார். அந்த மூவரின் வேலைகளையும் ஒரே கூரையின்கீழ் வைக்க வேண்டும் என்று குழு அமைத்தபோது என்னைச் செயலாளராகப் போட்டார்கள். நான் முடியாது என்று சொல்லத் தெரியாதவன் என்பதும், எழுத்து அழகாக இருக்கும் என்பதுமே காரணம். சுவரொட்டியை என் மகன் செய்வான் என்று அந்தக் குழுவில் நான் பெருமையோடு சொன்னேன். அதைச் சொன்னபோது எனக்குக் குரல் நடுங்கவில்லை.

முதல் குறிப்பு. சிங்கப்பூர் வேலை முடிந்து, எல்லைப் பாலத்து நெரிசலைத் தாண்டி, அதன்பிறகு இவ்வளவு தூரம் வண்டியோட்டி வந்து, சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை விரித்தாய். வெளிர் மஞ்சள் தாள். நடுவில் ஒரு நாற்காலி. கடுகு நிறம், மயில்நீலம், செங்கல் சிவப்பு என மூன்று நிறத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அந்த நாற்காலி ஆகியிருந்தன. “மூணு மைதான்பா. அந்தக் காலத்துல இப்படித்தான் சிக்கனமா அடிப்பாங்க. ஆனா ஒண்ணுமேல ஒண்ணு விழுற எடத்துல பாருங்க, நாலாவதா ஒரு கலர் வருது. அது தனியா யாரோடதும் இல்ல” என்றாய். அடியில் மூன்று பெயர்கள் ஒரே அளவில். அதற்கும் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில், வடிவமைப்பு என்று உன் பெயர். மற்றதெல்லாம் வெற்றிடம்.

நான் பூகோள ஆசிரியனாக இருந்தவன். வரைபடத்துக்குத் தலைப்பு வேண்டும், அளவுகோல் வேண்டும், வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறி வேண்டும். காலியாக விட்டிருந்தால் மாணவன் மறந்துவிட்டான் என்று மதிப்பெண் குறைப்பேன். அந்தப் பழக்கத்தில்தான், “நாற்காலி மேல ஒண்ணுமே இல்லையே தம்பி, எடம் வீணாப் போவுதே” என்று கேட்டேன். நீ சிரித்தாய். “காலியா இருந்தாத்தானேப்பா பாக்குறவங்க வந்து உக்கார முடியும்?” எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று நான் சொல்லவில்லை. அச்சுக்கு எப்போது அனுப்பலாம் என்றுதான் கேட்டேன். திறப்பு விழா நேரம் முடிவாகாததால் கணினிக் கோப்பை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாய். “நேரம் மட்டும் மாத்திக்குங்க அப்பா. வேற எதையும் தொடாதீங்க.”

இனி இரண்டாவது. நீ கொடுத்ததை நான் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். லிம் கட்டைவிரல் போட்டார். ஆசிரியர்களை மலாயில் அழைக்கும் வழக்கப்படி ஊரே சிக்கு என்று அழைக்கும் ரொஸ்னா ஆசிரியை, தன் தந்தை இருந்திருந்தால் இதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார் என்று மலாயில் எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். விழாச் செலவையும் தேநீரையும் ஏற்றுக்கொண்ட நம் சங்கத்தின் தலைவர் எனக்குத் தனியாகக் குரல் செய்தி அனுப்பினார். “என்னா சார் இது? காலி நாற்காலி! பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூப்புடுற மாதிரி இருக்கு லா. தெறப்பு விழாவுக்கு டத்தோ வராரு, அவரு படம் ஒண்ணையும் காணோம். யாரு சார் மதிப்பா வருவா?” அரசு தந்த டத்தோ பட்டமுள்ள, எல்லாரும் மதிக்கும் பெரியவரைத்தான் சொன்னார்.

நம் வீடுகளில் இறந்தவரின் படத்தை நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, விளக்கேற்றி வைப்பது உனக்குத் தெரியும். அவர் சொன்னதும் எனக்கு அந்த நாற்காலி அதுவாகவே தெரிய ஆரம்பித்துவிட்டது. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ மாட்டேன் என்பாய். நீ மாட்டேன் என்றால் நான் தலைவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டிவரும். உன்னைக் கேட்காவிட்டால் யாருமே யாருக்கும் முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. இப்படித்தான் என் புத்தி வேலை செய்தது. எழுதிப் பார்க்கும்போது கேவலமாக இருக்கிறது. செய்யும்போது அது எனக்குச் சமயோசிதமாகத் தெரிந்தது.

அச்சுக்கடைக்குப் போனேன். கணினியின் முன்னால் இருந்த சீனப்பெண் மரியாதையானவள். மலாயில் பேசினோம். “படத்தை எங்கே வைக்கணும் அங்கிள்?” என்று கேட்டாள். நடுவில் இடம் இருக்கிறதே, அங்கே என்றேன். அது நாற்காலியின் இருக்கைக்கு நேர் மேலே என்பதை நான் கவனிக்கவில்லை. தலைவர் அனுப்பிய டத்தோவின் படம் வண்ணத்தில் இருந்தது. கண்காட்சி ஐம்பதுகளைப் பற்றியதாயிற்றே, காலத்துக்குப் பொருந்தட்டும் என்று யோசித்து, கறுப்பு வெள்ளையாக மாற்றச் சொன்னேன். சாம்பலாகிப்போன அவரது சட்டை உன் நாற்காலியின் நிறத்தோடு மோதியது. ஆகவே படத்தைச் சுற்றி ஒரு கரை வேண்டும் என்று பட்டது. “பூக்கரை இருக்கு அங்கிள், இந்தியர் கல்யாணத்துக்கெல்லாம் இதைத்தான் கேப்பாங்க” என்று காட்டினாள். வெள்ளைப் பூ. மங்கலமாக இருக்கும் என்று தலையாட்டினேன். கடைசியாக, உன் பெயர் சிறியதாக இருந்தது. என் மகன் செய்தது என்று ஊருக்குத் தெரியட்டுமே என்று அதைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னேன். ஒவ்வொரு படியிலும் எனக்கு ஒரு காரணம் இருந்தது, தம்பி. காரணமில்லாமல் நான் எதையும் கெடுத்ததில்லை.

சுவரொட்டியாக மட்டும் நின்றிருந்தால் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். அதையே பெரிய பேனராகவும் அடித்து, ஆற்றோரச் சாலை வளைவில் கட்டினார்கள். நான் கைப்பேசியில் கட்டைவிரல் அளவில்தான் பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தேன். மறுநாள் காலை மீன் வாங்கப் போன உன் அம்மா, வாங்காமல் திரும்பி வந்தாள். “ஏங்க, டத்தோ எப்ப தவறினாரு?” என்று கேட்டாள். நான் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தேன். ஒரு நாற்காலி. அதன்மேல் கறுப்பு வெள்ளையில் ஒரு மனிதர், சுற்றிலும் வெள்ளைப் பூ. கீழே தேதியும் நேரமும் இடமும். அதற்கும் கீழே, தெளிவாக, பெரிதாக, உன் பெயர்.

அதற்குள் படம் கைப்பேசிகளில் பறக்க ஆரம்பித்திருந்தது. தங்காக்கில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டத்தோவின் வீட்டு வாசலில் வந்து நின்றாராம். கதவைத் திறந்தது டத்தோ. யோங் பெங்கிலிருந்து யாரோ, “எப்பங்க எடுக்குறாங்க?” என்று தொலைபேசியில் கேட்டிருக்கிறார்கள். டத்தோவின் மனைவி டத்தின், நம் சங்கத் தலைவரைக் கூப்பிட்டு, “எங்க வீட்டுக்காரரு இப்பதாங்க மூணு தோசை சாப்புட்டு எழுந்தாரு! யாரு வேலை இது?” என்று கத்தினார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் பேனரிலேயே இருந்தது.

மூன்றாவது குறிப்பு குறுகியது. நான் செய்தவற்றிலேயே மிகச் சிறியது அது, மிக மோசமானதும் அதுதான். அன்று மாலையே கூட்டம் கூட்டினார்கள். பேனரைக் கழற்றிச் சுருட்டி ஒரு மூலையில் சாய்த்திருந்தார்கள். தலைவர் நல்ல மனிதர், ஆனால் அன்று டத்தோவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். “இந்தக் காலத்துப் பசங்களுக்கு நம்ம மொறை எதுவும் தெரியாது. சிங்கப்பூர்ல வேலை பாத்தா போதுமா? உங்க பையன்னுதான் நான் மேல ஒண்ணும் பேசல சார்” என்றார். சிக்கு ரொஸ்னா என்னைத் திரும்பிப் பார்த்து, “முதலில் வந்த போஸ்டர் இப்படி இல்லையே, சிக்கு?” என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். ஆசிரியருக்கு ஆசிரியர் கொடுக்கும் மரியாதையோடு எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்தார். நான் தேநீர்க் கோப்பையை எடுத்தேன். குடித்தேன். பிறகு தலைவரிடம், “நான் அவன்கிட்ட பேசுறேன்” என்றேன்.

நான் அவனிடம் பேசுகிறேன். பிள்ளை தப்புச் செய்த தகப்பன் பள்ளிக்கூடத்தில் வந்து சொல்லும் வாக்கியம் அது. எத்தனையோ தகப்பன்மார் என் மேசைக்கு முன்னால் நின்று அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது தன்னால் வந்தது.

நீ இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாய். ஆபீஸில் யாரோ அந்தப் படத்தை உன் மேசையில் அச்சடித்து ஒட்டி, ஊதுபத்தியும் வைத்திருந்ததாகச் சொன்னாய். ஜோகூர் பாருவில் உனக்குச் சொந்தமாகக் கிடைக்கவிருந்த ஒரு வேலை கைவிட்டுப் போனதையும் சொன்னாய். நீ கோபப்படவில்லை. “அப்பா, அது நான் செஞ்சது இல்லன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?” என்று மட்டும் கேட்டாய். சொல்லிவிடுகிறேன் தம்பி என்றேன். “எப்போ?” என்றாய். நான் திறப்பு விழா நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். “சரிப்பா” என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ அம்மாவின் கைப்பேசிக்குத்தான் வருகிறாய். திறப்பு விழாவுக்கும் வரவில்லை. வெறும் எழுத்துக்கள் மட்டும் அச்சடித்த ஒரு பேனர் வாசலில் தொங்கியது. டத்தோ வந்தார், தான் உயிரோடிருப்பதைப் பற்றி இரண்டு நகைச்சுவை சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். உன்னை நினைத்தும்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன்.

நான்காவது, அறிவுரை. இத்தனையும் செய்தவன் அறிவுரை சொல்லலாமா என்று நீ கேட்கலாம். ஆனால் நிறைய யோசித்துத்தான் இதற்கு வந்திருக்கிறேன். உனக்கு நேர்ந்த சேதம் முழுவதும் அந்தப் பெயரால் வந்தது. அடியில் பெயர் இல்லாதிருந்தால் அது யாரோ செய்த பேனர். பிழை ஊரோடு போயிருக்கும், உன்னோடு வந்திருக்காது. நீ ஆறாம் ஆண்டு படிக்கும்போது தமிழ்ப்பள்ளிச் சுவரில் ஆறும் படகுமாக வரைந்தாய். ஓரத்தில் உன் பெயரையும் எழுதினாய். மற்ற பிள்ளைகளின் பெற்றோர் என்ன நினைப்பார்களோ என்று நான் உன்னைத் திரும்ப அழைத்துப்போய், பெயரின்மேல் புல் வரையச் சொன்னேன். நீ வரைந்தாய். அந்த இடத்தில் மட்டும் புல் அடர்த்தியாக இருந்தது. அது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆனால் சரியாகத்தான் செய்தேன் என்றே இதுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாமாவும் தன் படங்கள் எதிலும் பெயர் போட்டதில்லை. ஏன் மாமா என்று ஒருமுறை கேட்டேன். “மானேஜர் கண்ணுல பட்டா, வேல நேரத்துல வரைஞ்சியான்னு கேப்பான்டா. பேரு இல்லன்னா அது யாரோ வரைஞ்சது” என்றார். நான் அறிந்ததிலேயே நிம்மதியாக வாழ்ந்த மனிதர் அவர். புது நாட்டில் புது மனிதர்களுக்கு நடுவில் வேலை செய்யப்போகிறாய். வேலையை நன்றாகச் செய். பெயரைக் கொஞ்ச காலத்துக்கு உன்னோடு வைத்துக்கொள்.

ஐந்தாவது. அங்கே குளிர் காற்றோடு வருமாம். ஒரே ஒரு கனமான கோட்டு வாங்குவதைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லியதாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று உன் அம்மா எங்கோ பார்த்திருக்கிறாள். காதை மூடிக்கொள்ளச் சொன்னாள். மிளகாய்த்தூளைச் சுங்கத்தில் எடுத்துவிடுவார்களா என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்றேன். “உங்களுக்கு எதுதான் தெரியும்” என்றாள். அவள் இப்போதெல்லாம் என்னிடம் பேசும்போது உன் துணிகளை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசுகிறாள்.

இந்தக் கடிதத்தை இங்கே முடித்து, நேற்றே அனுப்பியிருப்பேன். காலையில் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். அங்கே நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன்.

ஒவ்வொரு பொருளுக்கும் கீழே வைக்கும் அட்டைகளை நான்தான் எழுதுகிறேன். லிம்முக்குச் சிரமமே இல்லை. நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அவர் தந்தையின் முத்திரை இருக்கையின் அடியில் சூடுபோட்டுப் பதிந்திருக்கிறது. சிக்குவின் தந்தை எல்லாப் படத்திலும் ஜாவியில், மலாயை அரபு எழுத்தில் எழுதும் பழைய முறையில், கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு சின்னச் சிவப்புப் படம் மட்டும் அட்டை இல்லாமலே தொங்கிக்கொண்டிருந்தது. வட்டத்துக்குள் ஒரு சாய்ந்த கோடு. பட்டறை மாடியில் கிடைத்தது. அது மாமாவுடையது என்று என் மனசு சொல்கிறது. ஆனால் மாமாவும் சிக்குவின் தந்தையும் ஒரே வண்ணத்தை, ஒரே தூரிகையைப் பங்குபோட்டவர்கள். சிக்குவைக் கேட்டேன். வெகுநேரம் பார்த்தார். “உங்கள் மாமாவுடையதாக இருக்கலாம். என் அப்பா ஒருநாள் முயன்று பார்த்ததாகவும் இருக்கலாம். நீங்கள் உறுதியாகச் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை” என்றார். நான் உறுதியாகச் சொல்கிறவனா? மாமாவைப் போல நானும் பயந்தவன். அட்டையை எடுத்து, என் அழகான கையெழுத்தில், ‘ஓவியர் யாரென்று தெரியவில்லை’ என்று எழுதி, அந்தப் படத்தின் கீழே ஒட்டினேன். லிம் பக்கத்தில் வந்து நின்று படித்தார். “சாயாங்லா” என்றார். மலாயில் அது அன்பையும் சொல்லும், இழப்பையும் சொல்லும்; வீணாகப் போயிற்றே என்றுதான் அவர் சொன்னதை எடுத்துக்கொண்டேன். மாமா பயந்த அந்த மானேஜர் யாரென்று இன்று ஒருவருக்கும் தெரியாது. அவர் பெயரும் போயிற்று, மாமாவின் படமும் போயிற்று. மாமா அவ்வளவு நிம்மதியாக இருந்தாரா என்றும் இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நிம்மதியான மனிதர் எதற்கு வாராவாரம் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்து அந்தச் சிவப்பைத் தீட்ட வேண்டும்?

அந்த அட்டைக்கு முன்னால் நின்றபோது எனக்குப் பள்ளிச்சுவரின் புல்தான் தெரிந்தது. உன்மீது விழுந்த சேதம் உன் பெயர் அங்கே இருந்ததால் வந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். என் பெயர் அங்கே இல்லாததால் வந்தது என்று எழுதியிருக்க வேண்டும். அறிவுரை என்று நான் உனக்குத் தந்தது என் பயம்தான். அதைச் சலவை செய்து மடித்து உன் பெட்டியில் வைத்து அனுப்பப் பார்த்தேன்.

நான்காவது குறிப்பு தவறு. அதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதலாம்தான். ஆனால் நான் தவறாக எழுதினேன் என்பதும் வெளியே தெரிய வேண்டும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். நீ செய்யும் எல்லாவற்றிலும் உன் பெயரைப் போடு. எவ்வளவு சிறிய எழுத்தில் என்பது உன் விருப்பம்.

மன்னித்துவிடு என்று கேட்கும் துணிவு இன்னும் வரவில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் இப்போது சொல்லிவிடுகிறேன். ‘ஒரு தகப்பன்’ என்று முதலில் எழுதி வைத்திருந்ததை எடுத்துவிட்டேன்.

மூவார் கண்காட்சிக்கான சுவரொட்டியை, காலியான நாற்காலியோடு, வடிவமைத்தவன் என் மகன் செழியன். அந்த நாற்காலியின்மேல் படத்தை வைத்து, கறுப்பு வெள்ளையாக்கி, பூக்கரை போடச் சொன்னவன் நான். அவனுக்கு அது தெரியாது.

அருணாசலம்
கண்காட்சிக் குழுச் செயலாளர், மூவார்